நன்னடத்தையும் கற்பிக்க வேண்டியதே: கொழும்பில் புதிதாக வகுப்பேற்கும் ஆசிரியருக்கு

நியமனக் கடிதத்தோடு கொழும்பிலுள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலைக்கு வந்து சேரும் புதிய ஆசிரியருக்குப் பாடத்திட்டம் தருவார்கள், ஆசிரியர் வழிகாட்டி தருவார்கள், நேரசூசி தருவார்கள். எட்டாம் தரத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்று எவரும் எழுதித் தருவதில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்த கோட்பாடுகள் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதுமில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து மூத்த ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதும், பதற்றத்தில் குரல் தானாக உயர்ந்துவிடும். தரம் 6 முதல் 11 வரை ஏதோ ஒரு வகுப்பைப் பொறுப்பேற்று, வரும் திங்கட்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று அறிய விரும்பும் அந்த ஆசிரியருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஒழுங்காக நடப்பதும், சறுக்கினால் மீண்டும் முயல்வதும், அடுத்தவரிடம் பரிவோடு இருப்பதும் பாடசாலையில் கற்பிக்கக்கூடியவை. சொல்லிக்கொடுத்து, செய்து காட்டி, பழக வைத்து, பிழைத்தால் மறுபடி சொல்லிக்கொடுத்து வளர்க்கக்கூடியவை. "வளர்ப்புச் சரியில்லை" என்ற முடிவுக்கு வந்துவிட்ட ஆசிரியருக்கு அதற்குமேல் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

பிரம்பைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம்

உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. 2016/12 இலக்கச் சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 308அ பிரிவு சிறுவருக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை மீறப்பட்டிருப்பதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. இந்தத் தகவல்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், "கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள் சேர்" என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், அதைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "அடிக்கமாட்டேன் அம்மா, ஆனால் பிள்ளையை விட்டுவிடவும் மாட்டேன்" என்று பதில் சொல்லுங்கள். இரண்டாவது பாதிதான் அவர்கள் கேட்க விரும்புவது.

அடியாத மாடு படியாது என்ற பழமொழியை ஆசிரியர் ஓய்வறையில் நீங்கள் கேட்காமல் இருக்க முடியாது. அடியால் வரும் அமைதி அடிப்பவர் வகுப்பில் நிற்கும்வரைதான் நிற்கும். அவர் வராத நாளில் பதில் ஆசிரியராகப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாக்கால் அடிக்கும் பழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. பிள்ளையின் நிறத்தை, உடல் பருமனை, தகப்பனின் தொழிலை, குடியிருக்கும் தோட்டத்தை இழுத்துப் பேசுவது பிரம்படியைவிட நீண்ட காலம் நோகும்.

முதல் இரண்டு வாரம்: பெயரும் பாதையும்

ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே அல்ல, பிள்ளை வகுப்பில் எப்படிக் கூப்பிடப்பட விரும்புகிறதோ அப்படி. முதல் வாரம் முடிவதற்குள் இடாப்பைப் பார்க்காமலே எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க முடிந்தால், பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரும் பாதையை அறியுங்கள். கொழும்பில் இது மிக முக்கியம். வெள்ளவத்தையில் பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையில் தொடர்மாடியில் இருக்கும் பிள்ளையும், மட்டக்குளியிலிருந்து விடியுமுன் பாடசாலை வான் வண்டியில் ஏறி, வழிநெடுக மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்து சேரும் பிள்ளையும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். காலை 7.30 மணிக்கு முதலாமவர் இப்போதுதான் எழுந்தவர், இரண்டாமவர் ஏற்கெனவே களைத்தவர். களனி கங்கை பெருக்கெடுக்கும் நாட்களில் கொலன்னாவைப் பக்கத்துப் பிள்ளை சீருடை நனைந்து வந்தால், "ஏன் பிந்தினீர்?" என்று வாசலில் நிறுத்துவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வேலைசெய்வதால் அம்மம்மாவோடு இருப்பவர்கள் உண்டு. ஊரிலிருந்து படிப்புக்காக மாமா வீட்டில் வந்து தங்கியிருப்பவர்கள் உண்டு. பாடசாலை விட்டதும் புறக்கோட்டையில் தகப்பனின் கடையில் நின்று உதவுபவர்களும் உண்டு. இதை வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்கக் கூடாது. "அப்பா என்ன செய்கிறார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது வகுப்பைத் தரம் பிரித்துவிடும். இடைவேளையில், மைதானத்தில், புத்தகம் திருத்திக் கொடுக்கும்போது ஒன்றிரண்டு வார்த்தையாகக் கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள்.

இந்த அறிமுகம் ஒரு உபசாரத்துக்காக அல்ல. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955 ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வேர்னர், ரூத் ஸ்மித் ஆகிய உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து அவதானித்தார்கள். வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றோரின் நோய் எனப் பல சுமைகளோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, அவர்கள்மீது அக்கறைகொண்ட, நம்பத்தக்க பெரியவர் ஒருவராவது வாழ்க்கையில் இருந்தது. அது தாத்தா பாட்டியாக இருக்கலாம், அயலவராக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு அந்த ஒருவர் நீங்களாக இருக்கக்கூடும். யாருக்கு என்பது முன்கூட்டியே தெரியாது, ஆகவே எல்லோருக்கும் பக்கம் திறக்கிறோம்.

விதிகளை அறிவிப்பதோடு நிறுத்தாதீர்கள்

நான்கு அல்லது ஐந்து விதிகள் போதும். அவற்றைச் செய்ய வேண்டிய செயலாக எழுதுங்கள். "சத்தம் போடாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்" என்பது பிள்ளைக்கு எதைச் செய்வது என்று காட்டுகிறது. சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிட்டால் அது வெறும் அலங்காரம். வகுப்புக்குள் நுழைவது, புத்தகம் சேகரிப்பது, குழுவாகப் பிரிவது, மணி அடித்ததும் வெளியேறுவது ஆகிய ஒவ்வொன்றையும் முதல் வாரத்தில் செய்து பழக்குங்கள். பத்தாம் தரத்துக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் என்று தயங்க வேண்டாம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவையைப் பிடிப்பதற்குப் பழக்குவதில்லையா? அதே தொனியில் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு பாடவேளையில் குழப்பம் பெரும்பாலும் இடைவெளிகளில்தான் பிறக்கிறது. ஆசிரியர் வெண்கட்டியைத் தேடும்போது, இடாப்பில் கையெழுத்திடும்போது, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காதபோது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970 இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே. ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் குழப்பமான வகுப்பின் ஆசிரியரும் குழப்பம் வந்த பின் கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. முன்னவர் வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருந்தார், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றி நகர்ந்தார், சிறியது பெரிதாகுமுன் கவனித்தார். ஆகவே பிள்ளைகள் வருமுன் முதல் ஐந்து நிமிடத்துக்கான வேலையைப் பலகையில் எழுதிவிடுங்கள். வந்ததும் உட்கார்ந்து தொடங்க ஏதாவது இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவரை முன்னே நிறுத்தி, பேசியவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதச் சொல்வது நம் பாடசாலைகளில் பரம்பரை பரம்பரையாக வருகிறது. தயவுசெய்து அதை உங்கள் வகுப்பில் நிறுத்திவிடுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் நண்பனைக் காட்டிக்கொடுப்பதா, ஆசிரியரை ஏமாற்றுவதா என்று தவிக்கிறது. நண்பனின் பெயர் அழிக்கப்படுகிறது, பிடிக்காதவனின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் கூடிக்கொண்டே போகின்றன. பெயர் எழுதப்பட்டவன் தான் செய்ததை நினைப்பதில்லை, எழுதியவனைப் பழிவாங்குவதையே நினைக்கிறான். வகுப்புத் தலைவர் பொறுப்பை வேறு விதமாகக் கொடுங்கள். ஆசிரியர் வராவிட்டால் உப அதிபரிடம் அறிவிப்பது, பலகையில் எழுதிய வேலையைத் தொடக்கிவைப்பது, அன்று யாராவது ஒருவருக்கு உதவியவரின் பெயரை உங்களிடம் வந்து சொல்வது. கடைசியாகச் சொன்னதைச் செய்து பாருங்கள். வகுப்பில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியாமலே எவ்வளவு நடக்கிறது என்று வியந்துபோவீர்கள்.

தலைமைப் பொறுப்பைச் சுழற்சி முறையில் கொடுப்பதும் நல்லது. முதல் மூன்று இடங்களுக்குள் வருபவருக்கே எப்போதும் பதவி என்றால், மற்ற முப்பத்தேழு பேருக்கும் வகுப்பு தங்களுடையது என்ற எண்ணம் வராது.

நல்லதைக் கண்டால் சொல்லுங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் பெரும்பாலான நேரம் ஒழுங்காகவே இருக்கிறார்கள். நம் கண் அங்கே போவதில்லை. நாளொன்றுக்கு ஒரு சிலரையாவது, அவர்கள் செய்த குறிப்பிட்ட ஒன்றுக்காகப் பாராட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நல்ல பிள்ளை" என்பதால் எதுவும் விளங்காது. "கணக்கு வராதபோது விட்டுவிடாமல் வேறு முறையில் செய்து பார்த்தீர், அது நல்லது" என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று விளங்கும்.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்பு மாணவரில் ஒரு பகுதியினரை அவர்களின் அறிவுக்காகவும் இன்னொரு பகுதியினரை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். பின்னர் கடினமான புதிர்களில் இரு தரப்பினரும் தடுமாறினார்கள். அதன்பின் அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மனந்தளர்ந்து பின்னடைந்தார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். "கெட்டிக்காரன்" என்று பெயரெடுத்த பிள்ளை அந்தப் பெயர் போய்விடுமே என்று அஞ்சிக் கடினமானதைத் தொடாமலே விடுவதை நானும் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பதின்ம வயதினரைப் பகிரங்கமாகப் புகழ்வதில் நிதானம் வேண்டும். ஆறாம் தரப் பிள்ளை கைதட்டலில் பூரித்துப்போகும். ஒன்பதாம் தரப் பையனை எழுப்பிப் புகழ்ந்தால், இடைவேளை முழுவதும் அவனை நண்பர்கள் கேலி செய்வார்கள். அவனுக்குப் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள், அல்லது நடைபாதையில் கடந்து போகும்போது சொல்லுங்கள். பரிசுகள், நட்சத்திரங்கள், புள்ளிப் பட்டியல்கள் ஆகியவற்றைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறுவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்களுக்குத் தாமாக வரையும் ஆசை குறைந்ததை மார்க் லெப்பரும் சகாக்களும் 1973 இல் காட்டினார்கள்.

வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இதைவிடப் பயனுள்ள ஒன்றை எனக்குத் தெரியாது. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தாலே பெற்றோர் நடுங்கிப்போவார்கள். "அம்மா, பயப்பட ஒன்றுமில்லை. மகன் இன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத் தன் குறிப்புகளைக் கொடுத்து உதவினார், அதைச் சொல்லத்தான் எடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஒருநாள் பிரச்சினை ஒன்றைச் சொல்ல எடுக்கும்போதும் அந்தத் தாய் உங்களை நம்பிக் கேட்பார். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாலை நேரமே வசதி.

குழப்பம் வரும்போது

சிறியதைச் சிறியதாகவே வைத்திருங்கள். பேசிக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். போதாவிட்டால், பாடத்தை நிறுத்தாமல் அவர் பக்கம் நடந்துபோய் நில்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்காமல், மெதுவாகக் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளையோடு வாக்குவாதம் செய்தால், அந்தப் பிள்ளையால் பின்வாங்க முடியாது. "இதை இடைவேளையில் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள், சொன்னபடி இடைவேளையில் பேசுங்கள். மறந்துவிட்டால் அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பிராது.

ஒருவரை ஒருவர் காயப்படுத்தும் சம்பவம் வேறு வகை. அதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், ஆனால் விசாரணையை அங்கே நடத்தக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழும்பு வகுப்பறை ஒன்றில் யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் வீடுகளின் பேச்சு, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சு எல்லாம் ஒன்றாக இருக்கும். என் ஒன்பதாம் தர வகுப்பில், ஹற்றனிலிருந்து புதிதாக வந்த மாணவி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் அவள் சொல்லை இழுத்துப் பழித்துக் காட்டினான். வகுப்பு சிரித்தது. "இந்த வகுப்பில் யாருடைய பேச்சையும் பழித்துக் காட்டுவதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு உட்காரலாம் என்று கைகாட்டினேன். இடைவேளையில் முதலில் அவளிடம் பேசினேன். எல்லோர் முன்னாலும் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது இன்னும் வெட்கம் என்றாள். பிறகு அவனை அழைத்தேன்.

"தம்பி, வாசிப்பு நேரத்தில் என்ன நடந்தது?"

"சும்மா பகிடிக்குத்தான் சேர்."

"சரி, பகிடி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எத்தனை வரி வாசித்தார்?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "வாசிக்கவில்லை சேர்."

"ஏன் என்று நினைக்கிறீர்?"

"வெட்கமாக இருந்திருக்கும்."

"நாளைக்கு மறுபடி அவருடைய முறை வரும்போது அப்படி நடக்காமல் இருக்க நீர் என்ன செய்யலாம்?"

மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். தனியாகக் கேட்கட்டும், அதோடு வேறு என்ன என்று கேட்டேன். பின்வரிசையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மறுநாள் அவள் வாசித்தபோது ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் திரும்பி அவனை முறைத்தவன் இவன்தான்.

என்ன நடந்தது, யாருக்கு எப்படி இருந்திருக்கும், எப்படிச் சரிசெய்வது என்ற இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "ஏன் செய்தாய்?" என்று தொடங்கினால் சாக்குத்தான் வரும். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் பேச வேண்டும், அவர் விரும்பாததை அவருக்காகச் செய்யக் கூடாது. சரிசெய்யும் செயல் செய்த தவறோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். வாங்கில் கிறுக்கியவர் அந்த வாங்கைத் துடைப்பதில் பொருள் இருக்கிறது. நூறு முறை எழுதவைப்பதில் எழுத்தின்மீது வெறுப்பு வருவதைத் தவிர வேறொன்றுமில்லை. சரிசெய்து முடித்த பிறகு அந்தக் கதையை மறுபடி கிளறாதீர்கள். அடுத்த தவணையில் "நீர்தானே அன்றைக்கு..." என்று தொடங்கினால், திருந்தியதன் பயன் பிள்ளைக்கு என்ன?

மனத்திடம் என்பது சகித்துக்கொள்வதல்ல

ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஒரு தோல்வியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளை, பத்து வயதிலேயே தனக்குப் படிப்பு வராது என்று முடிவெடுத்திருக்கும். வீட்டிலும் அயலிலும் அதைப் பலமுறை சொல்லிக் காட்டியிருப்பார்கள். முதல் தவணையில் அந்தப் பிள்ளைகள் வென்று காட்டக்கூடிய சிறிய வேலைகளைத் தேடிக் கொடுங்கள். ஒரு பத்தியைச் சரியாகச் சொல்வதெழுதுவது, ஒரு படத்துக்குப் பெயர் குறிப்பது, நேற்றைய பாடத்தை மூன்று வசனத்தில் சொல்வது. வெற்றி உண்மையானதாக இருக்க வேண்டும். இலகுவானதைச் செய்துவிட்டுப் பெரிய பாராட்டுப் பெற்றால் தன்னை இளக்காரமாக நினைக்கிறார்கள் என்பது பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும்.

தவணைப் பரீட்சை விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளைத் திட்டமிடுங்கள். புள்ளிகளை உரத்து வாசிப்பதையும், கூடிய புள்ளியிலிருந்து குறைந்த புள்ளிவரை வரிசையாக அழைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். கடைசியாக அழைக்கப்படும் பிள்ளை மேசைவரை நடந்து வரும் தூரத்தை நினைத்தால் யாருக்கும் அதைச் செய்ய மனம் வராது. தாளைக் கவிழ்த்து ஒவ்வொருவரின் மேசையில் வையுங்கள். அந்தப் பாடவேளை முழுவதையும் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். பிழைத்த வினாக்களில் இரண்டைத் தெரிந்தெடுத்து, எங்கே வழிதவறினேன் என்று ஒரு வசனமும் சரியான விடையும் எழுதச் சொல்லுங்கள். விரும்பியவர் நண்பரிடம் கேட்கலாம். பிழையைத் திருத்தியதற்கும் கணிப்பீட்டில் சிறிது புள்ளி சேர்க்க உங்கள் பகுதித் தலைவர் இடங்கொடுத்தால் இன்னும் நல்லது.

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் நேரே தனியார் வகுப்புக்குப் போகிறார்கள், சனி ஞாயிறும் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எரிச்சலும் கண்ணீரும் கூடுவது பெரும்பாலும் தூக்கமின்மையால்தான். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று அறிவுரை சொல்வதைவிட, ஒரு வாரத்துக்கான நேர அட்டவணையைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டு, தூங்கும் நேரத்தை முதலில் குறித்துவிட்டு மிஞ்சியதில் படிப்பைப் பங்கிடுவது உதவும்.

மனத்திடம் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பாடம் கடினம், போட்டியில் தோல்வி, நண்பனோடு கோபம் போன்றவற்றில் பிள்ளை தானே எழுந்துவரப் பக்கத்தில் நில்லுங்கள், உடனே ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டாம். பட்டினி, அடி, துன்புறுத்தல் ஆகியவற்றைப் "பொறுத்துக்கொள்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. அவை பெரியவர்கள் நிறுத்த வேண்டியவை. 2022 நெருக்கடிக்காலத்தில் காலையுணவின்றி வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பரிவுக்கு வேலை கொடுங்கள்

பரிவு பற்றிய பேச்சுப் போட்டியால் பரிவு வளராது. அதைச் செய்வதற்குச் சந்தர்ப்பம் வேண்டும். எலியட் அரோன்சன் 1971 இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில் ஒரு முறையைத் தொடங்கினார். வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகைமை மிகுந்திருந்த காலம் அது. பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்டால் மட்டுமே பாடம் முழுமையாகும். இதை வரலாற்றுப் பாடத்திலோ புவியியலிலோ நாளைக்கே செய்து பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட குழு, ஐந்து துண்டுக் குறிப்புகள், பதினைந்து நிமிடம். எப்போதும் ஒன்றாக இருக்கும் நண்பர்களைப் பிரித்து, கூச்சமுள்ள பிள்ளைக்கு அவருக்கு நன்கு தெரிந்த பகுதியைக் கொடுங்கள்.

இடைவேளையில் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள்? யார் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இருக்கிறார்கள்? குழுக்களை அமைக்க உங்களுக்கு வேண்டிய தகவல் அங்கே இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு துணையை நியமியுங்கள். நூலகம், தண்ணீர்க் குழாய், கழிவறை, சிற்றுண்டிச்சாலை எல்லாவற்றையும் காட்டுவது அவர் பொறுப்பு. குழப்படிக்காரர் என்று பெயரெடுத்தவரை ஒருமுறை இந்தப் பொறுப்பில் வைத்துப் பாருங்கள்.

உதவி செய்யும்போது மானத்தைக் காக்க வேண்டும். பயிற்சிப் புத்தகமோ சப்பாத்தோ கொடுப்பதைக் காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துப் படமெடுப்பது தர்மம் அல்ல. அலுவலகத்தில் தனியாகக் கொடுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் வெயிலில் ஓடாமல் இருக்க விளையாட்டுப் பாடவேளையை மாற்றியமைப்பது, வாணி விழா வேலைகளிலும் ஒளி விழா வேலைகளிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் விருப்பத்தோடு கைகொடுக்கப் பழக்குவது ஆகியவை கொழும்பில் மிக இயல்பாகச் செய்யக்கூடியவை.

கேலியும் துன்புறுத்தலும் பார்ப்பவர்களின் சிரிப்பால்தான் உயிர்வாழ்கின்றன. பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் சகாக்களும் உருவாக்கிய கீவா என்ற திட்டம் இந்தப் பார்வையாளர்களையே முதன்மையாக நோக்குகிறது. உங்கள் வகுப்பிலும் பார்ப்பவர்களுக்குச் செய்ய ஏதாவது சொல்லிக்கொடுங்கள். சிரிக்காமல் இருப்பது, "வா, நாம் போவோம்" என்று பாதிக்கப்பட்டவரை அழைத்துக்கொண்டு நகர்வது, பெரியவரிடம் வந்து சொல்வது. இவற்றில் எதையும் எந்தக் கூச்சமுள்ள பிள்ளையும் செய்யலாம். வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படத்தைக் கேலியாகப் போட்டால் அதைப் பகிராமல் இருப்பதும் இதில் அடங்கும். வகுப்புக் குழு ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இயங்குகிறது என்றே எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் கையை மீறும்போது

திடீரென்று ஒதுங்கிப்போவது, உடலில் விளக்கம் சொல்ல முடியாத காயங்கள், வீட்டுக்குப் போகத் தயங்குவது, வாழப் பிடிக்கவில்லை என்று எழுதுவது அல்லது சொல்வது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே செயற்படுங்கள். பிள்ளை "யாரிடமும் சொல்லாதீர்கள் டீச்சர்" என்று கேட்டால், பொய்யாக வாக்குக் கொடுக்க வேண்டாம். "உமக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன், அதை உமக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நேர்மையான பதில். துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்னதை அதே சொற்களில் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் அதிபருக்கும் அறிவியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பொறுப்பான பெரியவரிடம் கையளிக்கும்வரை கூடவே இருங்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. இரண்டையும் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டிவையுங்கள், நீங்கள் இல்லாத நேரத்திலும் தேவைப்படலாம்.

தவணை முடிவில்

கடைசி வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, பெயர் எழுதாத தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். இந்த வகுப்பில் உமக்குப் பிடித்தது எது? யாராவது உம்மிடம் அன்பாக நடந்துகொண்ட ஒரு சம்பவம் எது? ஆசிரியர் எதை மாற்ற வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில் சில மனத்தைக் குத்தும். "சேருக்கு முன்வாங்குப் பிள்ளைகளை மட்டும்தான் தெரியும்" என்று ஒரு பிள்ளை எழுதலாம். விடுமுறையில் அந்தத் தாள்களை ஆறுதலாக வாசித்து, செய்யக்கூடிய ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அடுத்த தவணையின் முதல் நாளில், "நீங்கள் எழுதியதை வாசித்தேன், இதை மாற்றப்போகிறேன்" என்று வகுப்பிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.